கொலோன் நகரத்துக்கு இரண்டு மணி நேரம் போதுமா?

"குடும்பத்தோடு ஐரோப்பா போகிறோம், பாரிஸ் ரயிலைப் பிடிக்கும் முன் ஜெர்மனியின் கொலோனில் 2 மணி நேரம் கிடைக்கிறது, அங்கே வசிப்பவர்கள் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே ஒருவர், "பெரிய சர்ச் ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லை, அசிங்கமான ஊர், போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்" என்று பதில் போட்டிருக்கிறார். நீங்கள் கேட்டது கூடப் பரவாயில்லை. அவர் பதிலைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒன்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். இது அழகான ஊர் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஸ்டேஷனைத் தாண்டி நடந்தால் பெரும்பாலும் பெட்டி பெட்டியான சாம்பல் நிறக் கட்டிடங்கள்தான். ஆனால் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு திட்டலாம் இல்லையா? இரண்டாம் உலகப் போரில் குண்டு போட்டுப் போட்டு ஊரின் நடுப்பகுதியில் பத்தில் ஒன்பது பங்கைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். போர் முடிந்ததும் ஜனங்களுக்குத் தலைக்கு மேல் கூரை வேண்டியிருந்தது, அவசர அவசரமாகக் கட்டினார்கள். நீங்கள் போட்டோ எடுக்கப் போகும் பெரிய தேவாலயம், இங்கே டோம் என்பார்கள், அதன்மேலும் 14 குண்டுகள் விழுந்தன. ஆனாலும் அது விழாமல் நின்றது.

டோமைப் பார்க்க நீங்கள் தேடி அலைய வேண்டாம், ஸ்டேஷன் வாசலை விட்டு வெளியே வந்தால் மூஞ்சிக்கு நேராக நிற்கும். 1248-ல் ஆரம்பித்து 1880-ல் முடித்தார்கள். நடுவில் முந்நூறு வருஷம் வேலையே நடக்கவில்லை, அரைகுறைக் கோபுரத்தின் தலையில் ஒரு மரக் கிரேன் மட்டும் தலைமுறை தலைமுறையாக நின்றுகொண்டிருந்ததாம். எங்கள் ஊர் ஓபராவை 2012-ல் பழுதுபார்க்க மூடினார்கள், 2015-ல் திறப்பதாகச் சொன்னார்கள், அது இழுத்துக்கொண்டே போனது. ஆக, பழக்கம் பழசு. உள்ளே தெற்குப் பக்கத்தில் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் வடிவமைத்த ஜன்னலைப் பாருங்கள், 72 நிறங்களில் 11,000-க்கு மேற்பட்ட கண்ணாடிச் சதுரங்கள். சாமி படம் எதுவும் கிடையாது. வெயில் நாளில் மத்தியான வாக்கில் போனால் தரையிலும் தூணிலும் கலர் கலராக விழும்.

இனி என் கதை. திருச்சியிலிருந்து மாமாவும் அத்தையும் வந்தார்கள். ஒரு டூர் பேக்கேஜில் வந்தவர்கள், அதில் கொலோனுக்கு ஒதுக்கியிருந்தது முக்கால் மணி நேரம். கடைசி நான்கு நாளை வெட்டிவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். டோம் கோபுரத்துக்கு 533 படி, லிஃப்ட் இல்லை என்று வாசலிலேயே சொன்னேன். மாமா, "மாப்ள, மலைக்கோட்டைய வாரா வாரம் ஏறினவன்டா நான்" என்றார். மலைக்கோட்டைப் படி அகலம், நடுவில் உட்காரலாம், காற்று வரும். இது குறுகலான சுற்றுப்படி, ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே படியில் உரசிக்கொண்டு போக வேண்டும். பாதி வழியில் மணிக் கூண்டு வரும். அங்கே 1923-ல் வார்த்த 24 டன் மணி தொங்குகிறது, ஊர்க்காரர்கள் செல்லமாக 'குண்டுப் பீட்டர்' என்பார்கள். மாமா அங்கே சுவரில் சாய்ந்தவர்தான். பக்கத்து மணி ஒன்று டங்கென்று அடித்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனாலும் மேலே ஏறினார், அதைச் சொல்லியே ஆக வேண்டும். உச்சியில் கம்பி வலைக்குப் பின்னால் நின்று, "எல்லாம் சரி, டோம் எங்கடா?" என்றார். டோம் மேலே நின்றால் டோம் எப்படித் தெரியும்?

அதனால் என் முதல் யோசனை, மூட்டுவலிக்காரர்கள் கூட இருந்தால் கோபுரத்தை விடுங்கள். டோமின் பின்பக்கமாக ரைன் நதிக்குப் போனால் ஹோஹன்ஸோலர்ன் பாலம், ரயில் போகிற பாலத்திலேயே ஓரமாக நடைபாதை. கம்பித் தடுப்பு முழுக்கக் காதலர்கள் மாட்டிய பூட்டுகள். ரயில் போகும்போது காலடியில் அதிர்வது தெரியும். அக்கரையில் இருக்கும் பகுதிக்கு டாய்ட்ஸ் என்று பெயர். அங்கே ஆற்றங்கரையில் அகலமான படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள், சாயங்காலம் உட்கார்ந்தால் டோம், பாலம், ஆறு மூன்றும் ஒரே பார்வையில். பக்கத்திலேயே கோல்ன் ட்ரையாங்கல் என்ற கட்டிடத்தின் மாடியில் 103 மீட்டர் உயரத்தில் பார்வை மேடை, லிஃப்ட் உண்டு. இதை முதல் நாளே சொல்லாததற்கு அத்தை இன்னமும் என்னைக் குத்திக்காட்டுகிறார்.

கீழே இறங்கிய மாமாவுக்குத் தலைவலி. அத்தைக்காக 4711 என்ற ஓடிகொலோன் கம்பெனியின் கடைக்குப் போக வேண்டியிருந்ததால் அப்படியே நடத்திக் கூட்டிப் போனேன். நம் வீடுகளில் காய்ச்சல் வந்தால் நெற்றியில் துணி நனைத்துப் போடுவார்களே ஓடிகொலோன், அதற்குக் 'கொலோன் தண்ணீர்' என்றுதான் அர்த்தம். 1709-லிருந்து இங்கே அந்த வியாபாரத்தில் இருப்பது ஃபரீனா என்ற இத்தாலியக் குடும்பம், அவர்கள் வீடு இப்போது மியூசியம். 4711 அதற்குப் பின்னால் வந்தது, ஆனால் அந்தக் கடைக்குள் ஒரு குழாயில் தண்ணீருக்குப் பதில் ஓடிகொலோன் ஊற்றிக்கொண்டிருக்கும். எல்லோரும் விரல் நுனியால் தொட்டு மணிக்கட்டில் தடவுவார்கள். அத்தை கைக்குட்டையை எடுத்து நன்றாக நனைத்து, பிழிந்து, நாலாக மடித்து மாமா நெற்றியில் ஒட்டிவிட்டார். விற்பனைப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு சிரித்துவிட்டுப் போய்விட்டாள். உண்மையைச் சொன்னால் அந்தக் கடையில் அதைச் சரியாகப் பயன்படுத்தியவர் அத்தை ஒருவர்தான்.

சாப்பாடு. மாமா சுத்த சைவம், ஆனால் பீருக்கு விலக்கு உண்டு. இந்த ஊர் பீர் கோல்ஷ், 0.2 லிட்டர் ஒல்லிக் கிளாஸில் வரும். கிளாஸ் காலியானால் கேட்காமலேயே அடுத்ததை வைத்துவிட்டு, அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார்கள். பரிமாறுகிறவரைக் கோபெஸ் என்பார்கள், கொஞ்சம் கிண்டலாகத்தான் பேசுவார், கோபித்துக்கொள்ளாதீர்கள். போதும் என்றால் அட்டையைக் கிளாஸ் மேல் மூடி வைக்க வேண்டும். இதைச் சொல்ல மறந்துவிட்டேன். விருந்தாளிக்கு வைத்ததை மிச்சம் வைப்பது மரியாதை இல்லை என்று மாமா குடித்துக்கொண்டே இருந்தார், நான் அட்டையைப் பார்த்தபோது ஏழு கோடு.

கூடச் சாப்பிட ஹால்வெர் ஹான் சொன்னேன். 'பாதிச் சேவல்' என்று அர்த்தம், ஆனால் கோழியே கிடையாது. கம்பு மாதிரி ஒரு தானியமான ரையில் செய்த பன், தடியாக ஒரு துண்டு சீஸ், வெங்காயம், கடுகுச் சட்னி, அவ்வளவுதான். வந்த புதிதில் நான் கோழிக்கு ஆசைப்பட்டு அதை ஆர்டர் பண்ணி ஏமாந்தவன். விவரம் சொன்னதும் மாமா தட்டைத் தள்ளிவிட்டார். "பேர்லயே சேவல் இருக்கு, முருகன் கொடில இருக்கறதை எப்படிடா?" ஏழு கோல்ஷ் உள்ளே போயிருந்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சைவக்காரர்கள் தைரியமாகச் சாப்பிடலாம்.

சாப்பாடு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் மூடியிருக்கும் என்பதால் அத்தை வீட்டிலேயே வற்றல் குழம்பு வைத்தார். சாயங்காலம் கதவில் ஒரு சீட்டு. அச்சடித்த மாதிரிக் கையெழுத்து, 'மதிப்புக்குரிய அண்டை வீட்டாரே' என்று ஆரம்பித்து, வாசனை மாடிப்படி முழுக்கப் பரவுவதாகவும் ஜன்னலைத் திறந்து சமைக்கும்படியும். டிசம்பரில்! மேல் வீட்டில் ஞாயிறுதோறும் முட்டைக்கோஸைப் புளிக்கவைத்து வேகவைக்கிறார்களே, அதற்கு நான் எந்தச் சீட்டு ஒட்டினேன்? அத்தைக்கு ஜெர்மன் தெரியாது. "என்னப்பா எழுதியிருக்கு" என்றார், "குழம்பு நல்லா மணக்குதாம்" என்றேன். அவர் ஒரு கிண்ணம் எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது, சீட்டு எதுவும் இல்லை. சரி, விடுங்கள்.

ஒரு முழு நாள் இருந்தால் தேவாலயங்களுக்குப் போங்கள். டோமைச் சொல்லவில்லை, அதைவிடப் பழைய, தடித்த சுவரும் அரைவட்ட வளைவுமாகக் கட்டிய ரோமனெஸ்க் பாணித் தேவாலயங்கள் இங்கே பன்னிரண்டு இருக்கின்றன. செயின்ட் கெரியோனில் பத்துப் பட்டைக் கூடம், நடுவில் நின்று மேலே பாருங்கள். செயின்ட் உர்சுலாவில் பொன்னறை என்று ஓர் அறை, மனித எலும்புகளையே கோலம் போட்ட மாதிரி சுவர் முழுக்க அடுக்கியிருக்கிறார்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் வேண்டாம், அவர்களுக்குச் சாக்லேட் மியூசியம் போதும். பிக்காசோ பிடித்தால் லுட்விக் மியூசியம். நவம்பர் 11 அன்று மட்டும் வராதீர்கள், காலை 11:11-க்குக் கார்னிவல் சீசன் தொடங்கும், வேஷம் கட்டிய கூட்டத்தில் பெட்டியை உருட்டவே முடியாது. கூட்டம் பிடிக்கும் என்றால் வாருங்கள், உங்கள் பாடு.

பெயர்க் காரணம் கேட்டால் மாமாவுக்குச் சொன்னதையே சொல்கிறேன். ரோமானியர்கள் கி.பி. 50-ல் இதைக் 'கொலோனியா' ஆக்கினார்கள், இங்கே பிறந்த அக்ரிப்பினா, அதாவது நீரோ மன்னனின் அம்மா, கணவனிடம் சொல்லிச் செய்த ஏற்பாடு. அதிலிருந்துதான் கோல்ன் என்ற ஜெர்மன் பெயர் வந்தது, நம் ஊர் காலனியும் அதே சொல்தான். "அப்போ மன்னார்புரம் காலனி மாதிரிதான்" என்று மாமா முடித்துவிட்டார்.

சிலர் வந்து "ஹைடல்பெர்க் இதைவிட அழகு" என்பார்கள். அழகுதான், போய்ப் பாருங்கள், நான் தடுக்கவில்லை.

பாரிஸ் டிக்கெட்டை மறுநாளுக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் 2 மணி நேரத்தில் டோம் உள்ளே, பாலம், அக்கரைப் படிக்கட்டு, திரும்பி ஸ்டேஷன், இவ்வளவுதான், கோபுரம் கிடையாது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள், ஸ்டேஷனிலேயே வைக்கலாம். அங்கே லாக்கர் சாதாரண லாக்கர் இல்லை, காசு போட்டதும் இயந்திரம் பெட்டியை நிலத்துக்கு அடியில் எங்கேயோ கொண்டுபோய்விடும், கையில் ஒரு சீட்டு மட்டும் வரும். அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள். ஊருக்குத் திரும்பும் நாளில் பெட்டி மறைந்ததைப் பார்த்த மாமா, அது திரும்ப வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன் என்று இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றார்.