மோசல் ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் கேட்டவை

ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்குக்குப் பலமுறை போயிருக்கிறேன். ஓர் அக்டோபரில் அங்கே திராட்சை பறிக்கும் வேலையும் பார்த்தேன். அதைத் தெரிந்துகொண்டு கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

இரண்டே நாள்தான் இருக்கிறது. கோக்கெம், பெர்ன்காஸ்டல், டிரியர் மூன்றையும் பார்த்துவிட முடியுமா?

முடியும், பஸ்ஸிலும் ரயிலிலும் உட்கார்ந்திருந்ததுதான் பிறகு நினைவில் இருக்கும். மோசல் நேராக ஓடத் தெரியாத ஆறு. கோப்லென்ஸிலிருந்து வரும் ரயில், அந்த வளைவுகளோடு மல்லுக்கட்டாமல் கோக்கெமில் 4 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கத்துக்குள் புகுந்துவிடுகிறது. பெர்ன்காஸ்டலுக்கு ரயிலே கிடையாது. விட்லிஹில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். பெர்ன்காஸ்டலிலோ அதற்கு அடுத்த சிற்றூரிலோ இரண்டு இரவும் தங்கிவிடுங்கள். கோக்கெம் கோட்டை படத்தில் அழகுதான். ஆனால் 1689இல் பிரெஞ்சுப் படை தகர்த்ததை 19ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ரோமானியர் காலத்து போர்ட்டா நிக்ரா வாயில் நிற்கும் டிரியருக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். அதை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரீஸ்லிங் என்றாலே இனிப்பு என்கிறார்களே? எனக்கு இனிப்பு ஒயின் ஆகாது.

ரீஸ்லிங் இங்கே விளையும் வெள்ளைத் திராட்சை, அதன் ஒயினுக்கும் அதே பெயர். லேபிளில் 'ட்ரோக்கன்' என்று இருந்தால் இனிப்பில்லாதது. 'ஃபைன்ஹெர்ப்' என்றால் லேசான இனிப்பு. 'கபினெட்', 'ஷ்பேட்லேஸ', 'அவுஸ்லேஸ' ஆகியவை பறிக்கும்போது பழம் எவ்வளவு கனிந்திருந்தது என்பதைச் சொல்லும் சொற்கள். இவற்றை இனிப்பின் அளவு என்று எண்ணித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எதுவும் புரியவில்லையென்றால் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். 8 என்றால் சர்க்கரை மிச்சம் இருக்கிறது; 12 என்றால் பெரும்பாலும் புளித்துத் தீர்ந்துவிட்டது. ஆனாலும் இனிப்பு மிச்சமுள்ள ஒரு கபினெட்டையாவது ருசித்துப் பார்க்கச் சொல்வேன். அதன் புளிப்பு இனிப்பைத் திகட்டவிடாது.

படங்களில் தோட்டங்கள் சுவர் போல நிற்கின்றன. அவ்வளவு செங்குத்தா?

படம் குறைத்துத்தான் காட்டுகிறது. பிரெம் ஊரின் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 பாகை வரை போகிறது. ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று அதைத்தான் சொல்வார்கள். அங்கே டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு குட்டி வண்டி ஆளையும் கூடையையும் ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போகும்.

மண் என்று பெயர்தான், காலடியில் கிடப்பதெல்லாம் சிலேட்டுக் கல். ஆம், சிறுவயதில் பலப்பம் தேய்த்தோமே, அதே கல். பகலில் வெயிலைக் குடித்து இரவில் வேர்களுக்குச் சூடாகத் திருப்பித் தரும். ஏறக்குறைய 50 பாகை வட அட்சரேகையில் திராட்சை கனிவதற்கு இந்தக் கல்லும், ஒளியைத் திருப்பியடிக்கும் ஆறும், தெற்குப் பார்த்த சரிவும் சேர வேண்டியிருக்கிறது. நான் பறிக்கப் போன முதல் நாளே என் வாளி கைநழுவி, நாலு வரிசைக் கொடிகளைத் தாண்டி உருண்டு போனது. தோட்டக்காரப் பெரியவர் சிரிக்கவில்லை. "பழம் போகட்டும், நீ திராட்சைக் கொடி படரும் கம்பத்தைப் பிடித்துக்கொள்" என்றார். நடுநடுவே புதர் மண்டிய துண்டுகளையும் பார்ப்பீர்கள். பாடுபட ஆளில்லாமல் விட்டவை.

எங்கே ருசி பார்ப்பது? காரில் வருகிறோம்.

வாசலில் துடைப்பமோ தழைவளையமோ தொங்கும் வீட்டைத் தேடுங்கள். அது ஷ்ட்ரவுஸ்விர்ட்ஷாஃப்ட்: ஆண்டில் 4 மாதம் வரை, 40 இருக்கைக்குள், விளைவித்தவரே தன் ஒயினை ஊற்றிக் கொடுக்கும் இடம். காரோட்டுபவர் ருசித்துவிட்டுத் துப்பிவிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அதைவிட, காரை நிறுத்திவிட்டு நடந்தே போவது நல்லது.

அப்பா, அம்மா சைவம், குடிக்கவும் மாட்டார்கள். அழைத்து வரலாமா?

தாராளமாக. படகு இருக்கிறது, தோட்டத்துத் திராட்சைச் சாறு இருக்கிறது. உருளைக்கிழங்கு அடையை ஆப்பிள் மசியலோடு தருவார்கள். வெங்காயப் பணியாரம் போன்ற ஸ்வீபல்கூகனில் மட்டும் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கக்கூடும், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எந்த மாதம் நல்லது?

செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். பாதி புளித்த புது ஒயினான ஃபெடர்வைசர் அப்போதுதான் கிடைக்கும். அது புட்டிக்குள்ளும் நுரைத்துக்கொண்டே இருப்பதால் மூடியை இறுக்க மாட்டார்கள். நிமிர்த்தியே எடுத்துப்போக வேண்டும். நான் பையில் படுக்கவைத்தேன். விட்லிஹ் வரை பஸ்ஸில் எவரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.