கேள்வி பதில்: அமெரிக்கக் கறுப்பின உழவர்களின் நிலம் எப்படிக் கைமாறியது?

கேள்வி: விடுதலை பெற்ற அடிமைகளுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் தருவதாகச் சொன்னது வெறும் வாக்குறுதிதானா?

பதில்: வெறும் வாக்குறுதி அல்ல, நிலம் கைக்கு வந்து, பிறகு பறிக்கப்பட்டது. உள்நாட்டுப் போரின் முடிவில், 1865 ஜனவரியில், வடக்குப் படையின் தளபதி ஷெர்மன் பிறப்பித்த ஆணைப்படி, தென் கரோலினாவிலிருந்து ஃபுளோரிடா வரையிலான கடலோரத்தில் தோட்ட முதலாளிகள் விட்டுச் சென்ற நிலங்களில் சுமார் 40,000 பேர் குடியேறினர். ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது அனுபோக உரிமைதான், முழு உடைமை அல்ல. லிங்கன் கொல்லப்பட்ட பின் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சன், போரில் அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்த தெற்கின் நிலவுடைமையாளர்களுக்கு மன்னிப்பு வழங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே பெரும்பகுதி நிலத்தை அவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

கேள்வி: பிறகு அவர்களிடம் நிலமே சேரவில்லையா, ஐயா?

பதில்: சேர்ந்தது. விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுதும் கூலி வேலை செய்தும் மிச்சம் பிடித்த பணத்தில் விலைக்கு வாங்கினார்கள். 1910 வாக்கில் அவர்கள் வசம் சுமார் ஒன்றரைக் கோடி ஏக்கர் இருந்தது. 1920 கணக்கெடுப்பில் கறுப்பின உழவர்கள் 9,25,000 பேருக்கு மேல், அவர்களில் பெரும்பாலோர் குத்தகைக்காரர்களே என்றாலும். 1997இல் அந்த எண்ணிக்கை 20,000க்கும் கீழே இறங்கிவிட்டது.

கேள்வி: வன்முறையால் விரட்டப்பட்டார்களா, விற்றுவிட்டு நகரங்களுக்குப் போனார்களா?

பதில்: இரண்டும் நடந்தன. இயந்திரமயமாக்கம், பருத்தி விலைச் சரிவு, வடக்கு நகரங்களின் தொழிற்சாலை வேலை ஆகியவையும் காரணங்கள். ஆனால் அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று நீதிமன்றத்துக்குள்ளேயே இருந்தது. வெள்ளையரின் நீதிமன்றத்தை நம்பாத பலர் உயில் எழுதாமலே இறந்ததால், நிலம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பிரிக்கப்படாத பொதுச் சொத்தாக இறங்கியது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் பல டஜன் பேர் பங்குதாரர்களாகிவிடுவார்கள். அவர்களில் பலர் அந்த நிலத்தைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். அப்படி எங்கோ வாழும் ஒருவரிடமிருந்து சிறு பங்கை வாங்கும் வெளியாள், பாகப்பிரிவினை வழக்குத் தொடுப்பார். இத்தனை பேருக்கு நிலத்தைத் துண்டாகப் பிரிப்பது சாத்தியமில்லை என்று நீதிமன்றம் முழு நிலத்தையும் ஏலத்துக்கு விடும். வரி கட்டி அங்கேயே உழுதுவந்த குடும்பத்திடம் கையில் ரொக்கம் இராது என்பதால், வழக்குத் தொடுத்தவரே சந்தை விலைக்கு வெகு கீழே அதை எடுத்துவிடுவார். சட்டப்படி இதில் குற்றம் எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு மிகக் கொடுமையாகப் படுகிறது.

கேள்வி: அரசுக் கடன் கிடைத்திருக்குமே?

பதில்: தெளிவான உரிமை ஆவணம் இல்லாத நிலத்தை அடமானம் வைக்க முடியாது. ஆவணம் இருந்தவர்களுக்கும், கடன் தருவதில் முடிவெடுக்கும் உள்ளூர்க் குழுக்களில் பெரும்பாலும் வெள்ளையரே இருந்ததால், விதைப்புப் பருவம் கடந்த பிறகே பணம் வந்தது, அல்லது வரவே இல்லை. இதற்காக வேளாண் துறைமீது தொடுக்கப்பட்ட பிக்ஃபோர்ட் வழக்கு 1999இல் சமரசத்தில் முடிந்தது. பெரும்பாலோருக்குக் கிடைத்தது தலைக்கு 50,000 டாலர். இழந்த நிலத்துக்கு அது ஈடாகாது.

கேள்வி: பூர்வகுடிகளின் நிலத்துக்கு நேர்ந்ததும் இதுவேயா?

பதில்: அங்கே நேர்மாறான வழி. 1887ஆம் ஆண்டின் டாஸ் சட்டம், இனக்குழுக்களின் பொது நிலத்தைத் தனித்தனி உடைமையாக வெட்டிக் கொடுத்து, மிஞ்சியதை ‘உபரி’ என்று குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது. 1934க்குள் சுமார் 9 கோடி ஏக்கர் போயிற்று.

கேள்வி: ஏல முறை இன்றும் தொடர்கிறதா?

பதில்: 2010இல் வரையப்பட்ட ஒரு மாதிரிச் சட்டத்தைப் பல மாநிலங்கள் ஏற்றுள்ளன. அதன்படி நிலத்தை முதலில் மதிப்பிட வேண்டும், விற்கக் கோருபவரின் பங்கை மற்றப் பங்குதாரர்கள் வாங்க முதலில் வாய்ப்புத் தர வேண்டும், விற்றே ஆகவேண்டுமென்றால் பொதுவாகத் திறந்த சந்தையில் விற்க வேண்டும். தென் கரோலினா 2016இல் இதை ஏற்று, அதற்கு முந்தைய ஆண்டு சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட அம்மாநிலச் செனட்டர் கிளெமென்டா பிங்க்னியின் பெயரைச் சூட்டியது. ஏற்காத மாநிலங்களில் பழைய நடைமுறைக்கு இன்னும் இடமிருக்கிறது.