ஆன்லைன் பி.காம்.: பணம் கட்டும் முன் உதவிக்கு ஆள் இருக்கிறதா பாருங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எனக்கு 22 வயது. பிளஸ் டூ முடித்ததும் துறைமுகம் பக்கம் ஒரு சரக்கு கம்பெனியில் பில்லிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். இப்போது ஆன்லைனில் பி.காம். படிக்க ஆசை. ஒரே அறை கொண்ட வீடு, நாங்கள் நான்கு பேர். லேப்டாப் இல்லை. எப்படித் தயாராவது? நடுவில் சந்தேகம் வந்தால் யாரிடம் போய்க் கேட்பது?"

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. அதற்குப் பதில் கிடைக்கும்வரை பணம் கட்டாதீர்கள்.

ஆன்லைன் படிப்பும் தொலைநிலைப் படிப்பும் ஒன்றல்ல. முழு ஆன்லைன் படிப்பில் வகுப்பு, சந்தேகம், அசைன்மென்ட் எல்லாமே திரையில்தான். தேர்வும் பல இடங்களில் கேமரா கண்காணிப்பில் நடக்கிறது. தேர்வு நேரத்தில் அறைக்குள் வேறு ஒருவர் நடமாடினாலோ, பேச்சுக்குரல் கேட்டாலோ சிக்கல். நான்கு பேர் இருக்கும் ஒற்றை அறையில் அந்த அமைதியை எப்படிக் கொண்டுவருவீர்கள்? தொலைநிலைப் படிப்பில் புத்தகம் கையில் இருக்கும், நேரடி வகுப்புகளுக்குப் போகலாம், தேர்வை மையத்தில் போய் எழுதலாம். உங்கள் வீட்டுச் சூழலுக்கு இதுவே பொருந்தும் என்பது என் கருத்து. பட்டத்தின் மதிப்பு குறையுமோ என்ற பயம் வேண்டாம். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் வழக்கமான பட்டங்களுக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022-இல் தெளிவுபடுத்திவிட்டது.

உங்களுக்கு ஒரு நல்ல வசதியும் இருக்கிறது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறவே தேவையில்லை. அதே நீல வழித்தடத்தில் சைதாப்பேட்டையில் இறங்கினால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அங்கே தமிழ்வழியிலும் படிக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் பிரிவு சேப்பாக்கத்தில் இருக்கிறது, அதற்கு அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்க வேண்டும். ஒருநாள் லீவு போட்டு இரண்டு இடத்துக்கும் நேரில் போய்வாருங்கள். நேரடி வகுப்பு எங்கே, எந்தக் கிழமை? ஹால் டிக்கெட் வராவிட்டால் யாரைப் பார்ப்பது? அரியர் விழுந்தால் எத்தனை ஆண்டுக்குள் எழுதி முடிக்க வேண்டும்? நடுவில் நிறுத்தினால் பணம் திரும்புமா? இதையெல்லாம் கேளுங்கள். அப்புறம், அவர்களுடைய உதவி எண்ணுக்கு ஒரு முறை போன் செய்யுங்கள், மெயில் ஒன்றும் அனுப்பிப் பாருங்கள். சேருவதற்கு முன்பே பதில் சொல்லாதவர்கள், சேர்ந்த பிறகு சொல்வார்கள் என்று நான் நம்ப மாட்டேன். எந்த நிறுவனமாக இருந்தாலும், உங்கள் படிப்பின் பெயர் யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சேருவதற்கு டெப் ஐடி கட்டாயம். யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் மாணவர் எடுக்க வேண்டிய எண் அது. அதை எடுக்க முதலில் ஏபிசி ஐடி, அதாவது படிப்பில் பெறும் கிரெடிட்களைச் சேமித்து வைக்கும் கணக்கின் எண் வேண்டும், அது ஆதாரோடு இணைந்தது. நம் ஊரில் இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும், அல்லது இனிஷியலே இருக்காது. இன்றைக்கே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சேர்க்கை தொடங்கும் முன்பே திருத்தத்துக்குக் கொடுங்கள். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தாலும் உங்கள் போன் எண்ணையும் உங்கள் மெயிலையுமே கொடுங்கள். கடைக்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டால் மூன்று வருடமும் ஓடிபிக்காக அவரைத் தேடி அலைய வேண்டும்.

லேப்டாப் உடனே வாங்க வேண்டாம், அதற்காகக் கடன் வேண்டவே வேண்டாம். தொலைநிலை பி.காமுக்குத் தொடக்கத்தில் போனே போதும். வீடியோவை 480பி தரத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குத் தோராயமாக அரை ஜி.பி. டேட்டாதான் ஆகும். உட்கார்ந்து படிக்க இடம் வேண்டுமென்றால், கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் குறைந்த கட்டணத்தில் இடம் கிடைக்கும். எழும்பூர் கன்னிமாரா நூலகமும் இருக்கிறது. வேலை நாட்களில் அங்கெல்லாம் போக முடியாது, சரி. ஆபீஸ் முடிந்ததும் அங்கேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து படிக்க அனுமதி கேட்டுப் பாருங்கள், அல்லது வீட்டில் எல்லோரும் எழுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எதுவானாலும் அந்த நேரத்தை வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வேலையும் படிப்பும் சேர்ந்து அழுத்தினால், தூக்கம் கெட்டால், 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி மையமான டெலிமானஸை இலவசமாக அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள்.

கட்டணம் கட்டும் முன் இன்னொரு வேலை செய்யுங்கள். மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் கணக்கியல் தொடர்பான ஒரு பாடத்தில் சேருங்கள். படிக்கக் கட்டணம் இல்லை, சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டுமே கட்டணம். நான்கு வாரம் அசைன்மென்ட்டைத் தேதி தவறாமல் அனுப்ப முடிந்தால் தைரியமாகச் சேருங்கள். முடியவில்லை என்றால் எந்த நாள், எந்த நேரம் இடித்தது என்று பார்த்து நேரத்தை மாற்றி அமையுங்கள். ஜூலை சேர்க்கை தவறினாலும் ஜனவரியில் மறுபடி சேர்க்கை உண்டு.