வாசகர் கேள்வி: பயிலரங்கில் என் முறை

கேள்வி: முதுநிலை மாணவர்களே மாறி மாறிப் பாடம் எடுக்கும் கணிதப் பயிலரங்கு இது. எனக்கு 60 நிமிடம். எடுக்க வேண்டியது, ஐடியல்களை (கூட்டினாலும், வளையத்தின் எந்த உறுப்பால் பெருக்கினாலும் உள்ளேயே நிற்கும் உட்கணங்களை) பகா ஐடியல்களாகத் தனித்த முறையில் காரணிப்படுத்தும் தேற்றம். எங்கே தொடங்குவது?

பதில்: வரையறையில் தொடங்காதீர்கள். நோத்தேரியன், முழுமை மூடல் என்று வளையத்தின் நிபந்தனைகளை அடுக்கினால் 40 நிமிடம் கரைந்துவிடும். தேற்றம் பலகைக்கே வராது. ℤ[√−5]இல், அதாவது a, b முழு எண்களாக உள்ள a+b√−5 எண்களின் வளையத்தில், 6 = 2·3 = (1+√−5)(1−√−5) என்று எழுதுங்கள். a+b√−5இன் நெறி (norm) a²+5b²; பெருக்கினால் நெறிகளும் பெருகும். நான்கு காரணிகளின் நெறிகள் 4, 9, 6, 6. ஆனால் a²+5b² ஒருபோதும் 2 அல்லது 3 ஆகாது. அதனால் நான்கு காரணிகளும் மேலும் உடையாதவை. அடுத்து P = (2, 1+√−5), அதாவது இவ்விரண்டும் பிறப்பிக்கும் ஐடியல். P²இன் பிறப்பிகள் 4, 2+2√−5, −4+2√−5. கடைசி இரண்டின் வித்தியாசம் 6. அதில் 4 போனால் 2. மூன்றுமே 2ஆல் வகுபடுவதால் P² = (2). எண்ணாக உடையாத 2, ஐடியலாக உடைகிறது. இந்தக் கணக்கை அவசரப்படாமல் பலகையிலேயே போடுங்கள், பாடத்தின் உயிர் இதுதான்.

நிரூபணத்தில் P⁻¹P ≠ P என்ற படிக்கு (P⁻¹ என்பது, P-ஐப் பெருக்கினால் வளையத்துக்குள்ளேயே விழும் பின்னங்களின் கணம்) மட்டும் 20 நிமிடம் ஒதுக்குங்கள். முழுமை மூடல் வேலை செய்வது அங்கேதான். அதன் வரையறையையும் அங்கேயே சொல்லுங்கள். மற்றதைச் சுருக்கலாம். ஒருமுறை நின்றபடி, சத்தமாக, பலகையில் எழுதியே ஒத்திகை பாருங்கள். மனதுக்குள் ஓட்டினால் எழுதும் நேரம் கணக்கில் வராது.