தஃப்தரில் இருக்கிறது, பட்டாவில் இல்லை: முஸ்லிம் பெண்களின் உரிமைகள் பற்றிய கேள்வி பதில்

மதுரை, மேலூர், சோழவந்தான், உத்தமபாளையம் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு, ஷரீஅத் சட்ட வழக்குகளைப் பார்க்கும் வக்கீலம்மா பதில் சொல்கிறார். இந்தப் பக்கத்து ராவுத்தர்மார் பெரும்பாலும் ஹனஃபி என்பதால் பதில்கள் அந்த மத்ஹபை (இஸ்லாமியச் சட்ட மரபை) ஒட்டியவை. இன்னொரு மத்ஹபான ஷாஃபி மாறுபடும் இடம் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி (மேலூர்): அத்தா (தகப்பன்) மௌத்தாகி (இறந்து) ஒரு வருஷம் ஆச்சு வக்கீலம்மா. அம்மா, ரெண்டு அண்ணன், நான், அத்தாவைப் பெத்தம்மாவும் இருக்காங்க. வீட்டுல வேணா பங்கு தர்றோம், நஞ்சையில பொம்பளைப் பிள்ளைக்குக் கிடையாதுங்கிறாங்க. உண்மையா?

பதில்: உண்மையில்லை. ஆனால் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1937 ஷரீஅத் சட்டம் முதலில் விவசாய நிலத்தை விட்டுவிட்டது. அன்றைய சென்னை மாகாணம் 1949-ல் திருத்தம் கொண்டுவந்து அந்த விலக்கை எடுத்துவிட்டது. ஆகவே தமிழ்நாட்டில் நஞ்சை, புஞ்சை, தென்னந்தோப்பு, வீடு, கடைச் சரக்கு, கடைக்குக் கொடுத்த அட்வான்ஸ், வெளியே நிற்கும் பாக்கி எல்லாம் ஒரே கணக்கில்தான் வரும்.

பங்கு போடுவதற்கு முன் மூன்று கழிவு உண்டு, வரிசை மாறக் கூடாது. முதலில் கபன் (சவத்துணி), அடக்கச் செலவு. அடுத்து கடன். அதற்கடுத்து வஸிய்யத் (உயில்) இருந்தால், மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல். கடனில் எல்லோரும் மறப்பது உங்கள் அம்மாவின் மஹர், அதாவது நிக்காஹில் கணவன் மனைவிக்குத் தர ஒப்புக்கொண்டது. அத்தா கொடுக்காமல் போயிருந்தால் அது அவர் அம்மாவுக்குப் பட்ட கடன். பங்கைத் தொடுவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மொத்தச் சொத்து 26 லட்சம் என்று வையுங்கள். அடக்கச் செலவும் வெளிக்கடனும் சேர்ந்து 1.5 லட்சம், நின்றுபோன மஹர் 50 ஆயிரம். மிச்சம் 24 லட்சம். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 லட்சம். அத்தாவைப் பெற்றவருக்கு ஆறில் ஒன்று, 4 லட்சம். மீதி 17 லட்சத்தை ஐந்து கூறாக்கினால் அண்ணன்களுக்கு இரண்டிரண்டு கூறு, உங்களுக்கு ஒன்று. உங்கள் பாகம் 3.4 லட்சம், அண்ணன்களுக்கு ஆளுக்கு 6.8 லட்சம்.

இனி காகிதம். தாசில்தார் அலுவலக வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயரும் பாட்டி பெயரும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். "கட்டிக் கொடுத்தாச்சே" என்று மகளை விட்டுவிட்டு மனுப் போடுவது சர்வ சாதாரணம். அடுத்து கூட்டுப் பட்டாவுக்கு எழுதிக் கொடுங்கள். அண்ணன் பெயரில் மட்டும் பட்டா மாறியிருந்தாலும் உங்கள் உரிமை போய்விடாது, பட்டா உரிமை மூலம் ஆகாது. ஆனால் அதைக் காட்டி நிலத்தை விற்றுவிட்டால், வாங்கியவரையும் சேர்த்துத்தான் பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டிவரும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு முறை வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

கேள்வி (அதே சகோதரி): சீர் செஞ்சு நகை போட்டோம்ல, விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடுன்னு பெரியண்ணன் சொல்றார்.

பதில்: சீரும் நகையும் பாகத்தில் கழியாது. அது உயிரோடு இருந்தபோது அத்தா கொடுத்த அன்பளிப்பு. பாகம் அவர் மௌத்துக்குப் பிறகு பிறப்பது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போன கைக்கூலி (வரதட்சணை) உங்களுக்கு வந்ததே இல்லை, அதைக் கழிப்பது எப்படி?

தகப்பன் உயிரோடிருக்கும்போதே மகள் எழுதிக் கொடுக்கும் விடுதலை பொதுவாகச் செல்லாது. இல்லாத உரிமையை விட முடியாது. ஒரு எச்சரிக்கை: அப்போது பணம் வாங்கிக்கொண்டு எழுதியிருந்தால், பிறகு பங்கு கேட்க விடாமல் நீதிமன்றம் தடுக்கலாம். மௌத்துக்குப் பிறகு பதிவு செய்து கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ முழுதாகச் செல்லும். அண்ணனுக்கு விட்டுக்கொடுக்க மனசிருந்தால் விடுங்கள், ஆனால் உங்கள் பாகத்தின் இன்றைய மதிப்பு எவ்வளவு என்று எழுதிப் பார்த்த பிறகு.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவி): அக்கா, ஆணுக்கு ரெண்டு பெண்ணுக்கு ஒண்ணு என்பது அநியாயமாகப் படுகிறதே?

பதில்: எல்லா இடத்திலும் பாதி இல்லை. பிள்ளை விட்டுச் சென்றவரின் தாய்க்கு ஆறில் ஒன்று, தகப்பனுக்கும் ஆறில் ஒன்றிலிருந்துதான் தொடக்கம். தாய் வழியில் மட்டும் உடன்பிறந்த சகோதர சகோதரிக்குச் சரிபாதி. மகன் மகள் கணக்கில் இரண்டுக்கு ஒன்று. மனைவி, பிள்ளைகளின் செலவு (நஃபகா) ஆண் மேல் இருப்பதும், பெண்ணின் சம்பாத்தியத்தில் கணவனுக்கு உரிமை இல்லாததும் அதற்குச் சொல்லப்படும் காரணம். இன்று செலவைச் சுமக்கும் பெண்கள் நிறைய, ஆகவே விவாதம் நியாயமானதே. ஆனால் ஊரில் நடப்பது வேறு: பாதி சரியா என்று பேசிப் பேசியே அந்தப் பாதியையும் கொடுக்காமல் விடுவது.

கேள்வி (சோழவந்தான்): எங்களுக்கு ரெண்டும் பொண்ணுதான். வீட்டுக்காரர் காலத்துக்குப் பின்னால அவர் தம்பி பங்குக்கு வருவாரா?

பதில்: வருவார். மகன் இல்லாதபோது இரண்டு மகளுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, உங்களுக்கு எட்டில் ஒன்று. கணவரின் பெற்றோர் இல்லையென்றால் மிச்சம் 24-ல் 5 பங்கு தம்பிக்குப் போகும். மகள்கள் பெயருக்கு உயில் எழுதி இதை மாற்ற முடியாது. வாரிசுக்கு எழுதும் வஸிய்யத் மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் செல்லும். அந்தச் சம்மதமும் மௌத்துக்குப் பிறகு வர வேண்டும்.

வழி ஹிபா, அதாவது தானம். கணவர் நல்ல உடம்போடு இருக்கும்போதே கொடுப்பது. மூன்று அங்கம்: கொடுத்தேன் என்ற சொல், ஏற்றுக்கொண்டேன் என்ற சொல், ஒப்படைப்பு. வழக்குகள் தோற்பது மூன்றாவதில். பத்திரம் எழுதிவிட்டு வாடகையை அவரே வாங்குவார், பட்டா அவர் பெயரிலேயே கிடக்கும், மூலப் பத்திரம் அவர் பீரோவில் இருக்கும். தம்பி வந்து "ஒப்படைக்கவே இல்லை" என்றால் பதில் இருக்காது. கடை என்றால் மறு மாதமே வாடகை மகள் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். தோப்பு என்றால் பட்டா மாறட்டும். குடியிருக்கும் வீடு என்றால் அவர் வெளியேற வேண்டியதில்லை. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு மகள் பெயருக்கு மாறினால் ஒப்படைப்பு தெளிவாகத் தெரியும். மகள் மைனர் என்றால் தகப்பனே காப்பாளர், தனி ஒப்படைப்புத் தேவையில்லை.

ஹிபாவை வாயாலும் சொல்லலாம், பதிவு கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் பதிந்துவிடுங்கள், பதியாத ஹிபாவை வைத்துக்கொண்டு பட்டா மாற்ற அலைவது பெரும்பாடு. மரணப் படுக்கையில் எழுதினால் அது வஸிய்யத் போலவே ஆகிவிடும். இரண்டு மகளுக்கும் சமமாகக் கொடுங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்த நுஃமான் பின் பஷீரின் தந்தையை நபி (ஸல்) தடுத்த ஹதீஸ் பிரபலமானது.

கேள்வி (உத்தமபாளையம்): அடுத்த மாசம் நிக்காஹ். மஹர் 5,001 ரூபாய்னு பேசியிருக்காங்க. போதுமா அக்கா?

பதில்: ஹனஃபியில் குறைந்தபட்சம் 10 திர்ஹம், ஏறக்குறைய 30.6 கிராம் வெள்ளி. ஷாஃபியில் கீழ் வரம்பே இல்லை. மஹர் ஃபாத்திமி எனப்படும் 500 திர்ஹம் சுமார் 1.53 கிலோ வெள்ளி. மேல் வரம்பு யாரும் வைக்கவில்லை. ரூபாயில் எழுதாதீர்கள், பணம் தேய்ந்துவிடும். "22 காரட் தங்கம் 16 கிராம்" என்பது போல எடையும் தரமும் எழுதச் சொல்லுங்கள்.

தஃப்தரில் (பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேட்டில்) "ரொக்கம்" என்று எழுதி மேடையில் காட்டிவிட்டு மாமியார் கைக்குப் போய்விடுவது வழக்கமாகிவிட்டது. கைக்கு வராததை வந்ததாக எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். தவணை மஹர் என்றால் எப்போது என்று நாள் எழுத வேண்டும். கேட்டு மறுத்தாலும், தலாக்கானாலும், கணவர் மௌத்தானாலும் அதிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

கைக்கூலி வேறு, மஹர் வேறு. 1961 வரதட்சணைத் தடைச் சட்டம் மஹரை விலக்கி வைத்திருக்கிறது, கைக்கூலியை விலக்கவில்லை.

நிபந்தனைகளும் தஃப்தரில் எழுதலாம்: படிப்பைத் தொடர்வது, தனிக் குடித்தனம், மறுமணம் செய்தால் தலாக் சொல்லும் அதிகாரம் மனைவிக்கு வருவது (தஃப்வீள்). நீதிமன்றங்கள் இதை ஏற்றிருக்கின்றன. நிக்காஹ் முடிந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லா மதத்தாருக்கும் கட்டாயம். தாமதக் கட்டணத்துடன் இன்னும் 60 நாள் உண்டு. தஃப்தர் நகல் மட்டும் வைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டுக்கு அலைய வேண்டாம்.

கேள்வி (திருமங்கலம்): மூணு வருஷமா அவர் செலவுக்கே தரலை. ஜமாஅத்துல (பள்ளிவாசல் நிர்வாகம்) குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) சான்றிதழ் வாங்கினால் போதும்னு சொல்றாங்க.

பதில்: போதாது. ஜமாஅத்தில் பேசிப் பார்ப்பது நல்லது, ஆனால் அவர்கள் தரும் காகிதம் திருமணத்தை முறிக்காது. தனியார் ஷரீஅத் கவுன்சில் கொடுத்த குலா சான்றைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் ரத்து செய்து, குடும்ப நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னது. ஷரீஅத் கவுன்சில் நீதிமன்றம் அல்ல என்று நம் மதுரைக் கிளையும் 2024-ல் சொல்லிவிட்டது.

குலா கேட்க அவசரப்படாதீர்கள். குலாவில் வழக்கமாக மஹரைத் திருப்பிக் கொடுக்கிறோம். நபி (ஸல்) காலத்தில் ஸாபித் பின் கைஸின் மனைவி மஹராக வாங்கிய தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்தது அப்படித்தான், அங்கே கணவர் மேல் குற்றமில்லை. உங்கள் நிலைமை வேறு. 1939 முஸ்லிம் திருமண முறிவுச் சட்டப்படி கணவன் இரண்டு வருடம் செலவுக்குத் தராதிருந்தாலே ஃபஸக் (நீதிமன்றம் வழி மணமுறிவு) கேட்கலாம். நான்கு வருடம் காணாமல் போனது, ஏழு வருடச் சிறைத் தண்டனை, மூன்று வருடம் இல்லறக் கடமை தவறியது, கொடுமை ஆகியவையும் காரணங்கள். இந்த வழியில் உங்கள் மஹர் உரிமை அப்படியே நிற்கும். காரணம் கையில் இருக்கும்போது குலா கேட்டு மஹரை விடுவது நஷ்டம்.

வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது, நீங்கள் பணம் கேட்ட வாட்ஸப் செய்திகள், ஜமாஅத் அனுப்பிய நோட்டீஸ் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். வக்கீல் செலவுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போங்கள். பெண் என்பதாலேயே இலவசம், வருமானச் சான்று கேட்கக் கூடாது. வழக்கு நடக்கும்போதே ஜீவனாம்சமும் கேட்கலாம். தலாக்கான முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டத்தில் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் உறுதி செய்திருக்கிறது. இத்தா (காத்திருப்புக் காலம்) மூன்று மாதத்தோடு ஜீவனாம்சம் முடிந்தது என்ற வாதம் எடுபடாது.

கேள்வி: போன்ல மூணு தலாக் அனுப்பிட்டார்.

பதில்: திருமணம் முறியவில்லை. 2019 சட்டப்படி அது செல்லாது, மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம். புகாரை நீங்களோ உங்கள் இரத்த உறவோ திருமண உறவோதான் தர முடியும். செய்தியை அழிக்காதீர்கள்.

கேள்வி (நெல்பேட்டை): வீட்டுக்காரர் மௌத்தாகி 40 நாள். இத்தாவுல இருக்கேன். பேங்க், தாலுகா ஆபீஸ் எல்லாம் கூப்பிடுறாங்க. பிள்ளைக 9, 6 வயசு. கடனுக்காக வீட்டை விக்கவும் சொல்றாங்க.

பதில்: நீங்கள் கர்ப்பமாக இல்லையென்றால் இத்தா நான்கு மாதம் பத்து நாள். கணவரை இழந்தவர் தேவைக்குப் பகலில் வெளியே போய் இரவுக்கு வீடு திரும்பலாம் என்பது ஹனஃபி சட்டமே. வங்கிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் போங்கள். கணக்கில் நாமினி யாராக இருந்தாலும் பணம் வாரிசுகளுக்குத்தான். நாமினி வாங்கிக் கொடுப்பவர் மட்டுமே.

வீட்டை விற்கும் விஷயத்தில் பொறுங்கள். பிள்ளைகளை வளர்க்கும் உரிமை தாய்க்கு உண்டு. ஆனால் முஸ்லிம் சட்டத்தில் அவர்கள் சொத்துக்குத் தாய் தானாகக் காப்பாளர் ஆகமாட்டார். உங்கள் எட்டில் ஒரு பங்கை விற்கலாம். பிள்ளைகளின் பங்கில் நீங்கள் போடும் கையெழுத்து செல்லாது, வாங்குபவருக்கும் பின்னால் தலைவலி. 1890 காப்பாளர் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாளராக நியமிக்கக் கேட்டு, விற்க அனுமதியும் வாங்குங்கள். கடன் பட்டியலும் வீட்டின் மதிப்பும் இணைக்க வேண்டும். அதுவரை யாரிடமும் அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

கேள்வி (கோரிப்பாளையம்): மகன் எனக்கு முன்னாலயே போயிட்டான். மருமகளுக்கும் பேரனுக்கும் என் சொத்துல என்ன வரும்? இன்னொரு மகன் இருக்கான்.

பதில்: தானாக ஒன்றும் வராது பாய். உயிரோடிருக்கும் மகன் பேரனைத் தடுத்துவிடுவார், மருமகள் உங்கள் வாரிசே இல்லை. ஆனால் வாரிசு அல்லாதவருக்கு வஸிய்யத் எழுதலாம், மூன்றில் ஒரு பங்கு வரை யார் சம்மதமும் வேண்டாம். மருமகளுக்கு எவ்வளவு, பேரனுக்கு எவ்வளவு என்று சர்வே எண்ணோடு பிரித்து எழுதி, வாரிசல்லாத இரண்டு சாட்சிகளோடு இந்த வாரமே பதிந்துவிடுங்கள்.