ஒற்றை எழுத்து யாருக்குப் போதும்?

கேள்வி: மகளை ஆந்திராவில் நகரியில் கொடுத்திருக்கிறோம். பேத்திக்கு ‘நிஹாரிகா’ என்று பெயர் வைக்கப்போகிறார்கள். அதற்கு என்ன பொருள்? சம்பந்தி தங்கள் இண்டிபேரை (தெலுங்கு வழக்கப்படி வரும் குடும்பப் பெயர், பெரும்பாலும் பூர்வீக ஊரின் பெயர்) முன்னால் முழுதாக எழுத வேண்டும் என்கிறார். நம் வழக்கப்படி அப்பா பெயரின் ஒற்றை எழுத்து போதாதா? – வாசகர், திருத்தணி

பதில்: மூடுபனி. பெயர்ப் புத்தகம் போடுகிறவர்கள் ‘பனித்துளி’ என்று அச்சடித்து விற்பார்கள். அவர்களுக்கு எல்லாப் பெண் குழந்தைகளும் பனித்துளி, இல்லாவிட்டால் லட்சுமி. நகரி வெயிலில் ஒரு மூடுபனி பிறந்திருப்பது நல்ல சேதி. வாழ்த்துகள்.

‘நம் வழக்கப்படி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. எந்த வழக்கம்? உங்கள் திருத்தணி 1960 ஏப்ரலில்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்துக்கு வந்தது. அதற்காகப் போராடியவர் ம.பொ.சி. அந்த ‘ம’ எந்த அப்பாவின் பெயர்? அது மயிலை. அப்பா பொன்னுசாமி அடுத்த எழுத்தில்தான் வருகிறார். உ.வே.சா.வின் ‘உ’ உத்தமதானபுரம். திரு.வி.க.வின் ‘திரு’ திருவாரூர். அதை மரியாதைச் சொல் என்று நினைத்து நீக்கிவிட்டு, ‘வி.க.’ என்றே பன்னிரண்டு பக்கம் கட்டுரை அனுப்பிய பேராசிரியர் ஒருவர் உண்டு. திருப்பி அனுப்பினேன். தன்னை அவமதித்ததாகக் கடிதம் போட்டார். அதிலும் என் பெயருக்கு முன்னால் ‘திரு’ இல்லை. இன்றுவரை எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

ஆகவே, ஊரை முன்னால் வைப்பது சம்பந்தி வீட்டுச் சொத்து மட்டுமல்ல. 1888இல் உங்கள் ஊரில் பிறந்த ராதாகிருஷ்ணனுக்கு முன்னால் நிற்கும் சர்வேபல்லியும் நெல்லூர்ப் பக்கத்துக் கிராமம்தான். குடும்பம் ஊரை விட்டு வந்தது, பெயரை விடவில்லை. நாம்தான் ஊரை ஓரெழுத்தாக்கி, பிறகு அதையும் உதிர்த்துவிட்டு, அப்பாவை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இதனால் சம்பந்தி ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பலர் இண்டிபேரைக் கேட்ட மாத்திரத்தில் ‘இன்னார்’ என்று சாதியை எடைபோட்டுவிடுவார்கள். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விடத் தீர்மானம் போட்டு, பெயரின் வாலை வெட்டியவர்கள் நாம். அது தலைப்பக்கமாக உள்ளே வருமென்றால் நான் கதவைத் திறக்க மாட்டேன்.

இன்னொரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? நீங்கள் மல்லுக்கு நிற்பது உங்கள் மாப்பிள்ளையின் எழுத்துக்காக. அது மட்டும் போதாது என்பவரோ அவரைப் பெற்ற அப்பா. பத்து மாதம் சுமந்தவள் உங்கள் மகள். அவளுக்கு இரண்டு கட்சியிலும் ஓர் எழுத்துகூட இல்லை. அவளைக் கேட்டீர்களா?

ஊர்ப்பெயர் என்றதும் புத்தூர் நினைவுக்கு வருகிறது. உங்கள் சம்பந்தி ஊருக்கு அந்தப் பக்கம்தான். முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் பூசி, மூங்கில் பத்தை வைத்து எலும்பு முறிவுக்குக் கட்டுகிறார்களே, அந்த ஊர். புத்தூர் மண்ணை மிதித்திராதவர்கள்கூட எங்கெங்கோ ‘புத்தூர் கட்டு’ என்று பலகை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை நம்பாதீர்கள், அசல் புத்தூருக்கே போங்கள். பெயர் சூட்டும் நாளன்று நீங்களும் சம்பந்தியும் இதே வேகத்தில் இருந்தால் அந்த வழி தெரிந்திருப்பது நல்லது.