எந்திரிப்பேன் – கடிதம்

அன்புள்ள சார்,

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். மதுரையில் ஒரு கம்பெனி இன்டர்வியூவில் என் அன்றாட வேலைகளைச் சொல்லச் சொன்னார்கள். ‘ஐ யூஸ் டு கெட் அப் அட் ஃபைவ்’ என்று ஆரம்பித்தேன். ‘நௌ யூ டோன்ட்?’ என்று கேட்டார் அந்த மேடம். முழித்தேன். இந்த யூஸ்டு டு எங்கே வரும், எங்கே வராது? அதற்குப் பதில் வுட் போடலாமா? நல்ல கிராமர் புத்தகம் எது? உச்சரிப்பையும் மாற்றிக்கொள்ள வேண்டுமா? ஐ ஆம் யூஸ்டு டு ரீட் யுவர் சைட் டெய்லி.

எம்.

தம்பி,

புத்தகத்தை விடுங்கள். உச்சரிப்பையும் விடுங்கள், மதுரைக்காரர் மதுரைக்காரர் மாதிரியே இங்கிலீஷ் பேசினால் போதும். ஒரே ஒரு சத்தம் மட்டும் முக்கியம், கடைசியில் சொல்கிறேன்.

அந்த மேடம் உங்களைக் கேலி செய்யவில்லை. ‘முந்தியெல்லாம் அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன்’ என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கிறது. இப்ப எந்திரிக்கிறதில்லையா என்று கேட்டார், நியாயமான கேள்வி.

இதைப் பற்றி எழுத வேண்டுமென்று ரொம்ப நாளாக இருந்தேன். ‘யூஸ்டு டு என்றால் வழக்கமாக’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற கைடுகளின் மேல் எனக்குத் தீராத கோபம். அதை மனப்பாடம் செய்தவர் எல்லா வழக்கத்துக்கும் யூஸ்டு டு போடுவார், வேறென்ன செய்வார்?

கைடை மூடிவிட்டு உங்கள் வாயில் வரும் தமிழைக் கவனியுங்கள். ‘எந்திரிப்பேன்’, இந்த ஒரு சொல்லை எடுங்கள். ‘நாளைக்கு அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன்.’ ‘தினமும் அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன்.’ ‘பள்ளிக்கூடம் போறப்ப அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன்.’ நாளை நடக்கப்போவது, இப்போது தினசரி நடப்பது, எப்போதோ நடந்து நின்றுபோனது மூன்றுக்கும் வினை ஒன்றுதான், ஓர் எழுத்து மாறவில்லை. இலக்கணத்தில் இதற்கு எதிர்கால வினைமுற்று என்று பெயர். ஆனால் பேச்சில் காலத்தைச் சொல்வது முன்னால் நிற்கும் ‘நாளைக்கு’, ‘தினமும்’, ‘பள்ளிக்கூடம் போறப்ப’ ஆகியவைதான்.

இங்கிலீஷில் வினையே மாறியாக வேண்டும். நாளைக்கு என்றால் ‘ஐ வில் கெட் அப்’. தினமும் என்றால் வெறும் ‘ஐ கெட் அப்’, வேண்டுமானால் நடுவில் ‘யூஷுவலி’. முந்தி என்றால் ‘ஐ யூஸ்டு டு கெட் அப்’. நிகழ்காலத்துக்கு ‘யூஸ் டு’ என்று ஒரு வடிவமே கிடையாது. நீங்களாகச் செய்துகொண்டது அது. நம் ஊரில் பாதிப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள் என்று வாதாட வராதீர்கள். பாதிப் பேரும் அதே கைடைப் படித்தவர்கள்.

எழுதுமுன் தமிழ் வாக்கியத்தின் வாலில் ‘இப்ப இல்ல’ என்று ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் பெரும்பாலும் யூஸ்டு டு. ‘மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில தங்கம்னு ஒரு தியேட்டர் இருந்துச்சு, இப்ப இல்ல.’ ஒட்டுகிறது. ‘தேர் யூஸ்டு டு பி எ தியேட்டர் கால்டு தங்கம்.’

ஒட்டினாலும் இரண்டு இடத்தில் போடக்கூடாது. ஒரு முறை மட்டும் நடந்தது ஒன்று. காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் சட்டையை விட்டு அரையாடைக்கு மாறினார். அந்த நாளைச் சொல்லும்போது ‘ஹி சேஞ்ச்டு’ மட்டும்தான். அதற்கு முன்னால் சட்டையும் தொப்பியும் போட்டுவந்தாரே, அதற்கு ‘ஹி யூஸ்டு டு வேர்’. இன்னொன்று, கணக்கு வந்துவிட்ட இடம். ‘ஐ யூஸ்டு டு வொர்க் இன் சிவகாசி ஃபார் ஃபோர் இயர்ஸ்’ என்று இன்டர்வியூக்குப் போகிற பலரும் சொல்கிறார்கள். இத்தனை வருஷம், இத்தனை தடவை என்று எண்ணிவிட்டால் ‘ஐ வொர்க்டு’ போதும்.

வுட் கேட்டீர்களே. அதற்கும் விடை உங்கள் தமிழிலேயே இருக்கிறது. ‘முந்தியெல்லாம் சித்திரைத் திருவிழாவுக்கு மாட்டு வண்டி கட்டிக்கிட்டு வருவாய்ங்க.’ ‘வருவாய்ங்க’ என்று வரும் இடத்தில் ‘தே யூஸ்டு டு கம்’ என்றும் சொல்லலாம், ‘தே வுட் கம்’ என்றும் சொல்லலாம். ‘இங்க ஒரு கண்மாய் இருந்துச்சு’ என்பதில் யாரும் எதையும் திரும்பத் திரும்பச் செய்யவில்லை, கண்மாய் சும்மா இருந்தது. அங்கே வுட் நுழையாது. சில சமயம் ‘இருக்கும்’ என்றும் சொல்வோம், அதைக் கேட்டு ஏமாந்து ‘தேர் வுட் பி எ டேங்க்’ என்று எழுதிவிடாதீர்கள். எந்தக் காலத்துப் பேச்சு என்று தெரியாமல் வுட்டில் ஆரம்பித்தாலும் கேட்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. கதை சொல்கிறவர்கள் முதல் வாக்கியத்தை யூஸ்டு டுவில் நிறுத்திவிட்டு, அடுத்தடுத்த வரிகளை வுட்டில் ஓட்டுவார்கள்.

கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். ‘ஐ ஆம் யூஸ்டு டு ரீட்’ என்பது வேறு குடும்பம். ஆளைச் சொல்லி ஆம், இஸ், ஆர், காட் முன்னால் வந்தால் அர்த்தம் ‘பழகிருச்சு’. ‘மதுரை வெயில் பழகிருச்சு: ஐ ஆம் யூஸ்டு டு திஸ் ஹீட்.’ டுவுக்குப் பின்னால் ‘ஹீட்’ என்ற பெயர்ச்சொல் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். வினையை உட்கார வைக்க வேண்டுமென்றால் இங் சேருங்கள்: ‘ஐ ஆம் யூஸ்டு டு வொர்க்கிங் இன் திஸ் ஹீட்.’ என் தளம் உங்களுக்குப் பழகிப்போன தொல்லை என்றால் ‘யூஸ்டு டு ரீடிங்’. தினமும் படிக்கிறீர்கள் என்றால் ‘ஐ ரீட் யுவர் சைட் டெய்லி’, அஞ்சே வார்த்தையில் முடிந்தது. எதற்கு இத்தனை சுற்று?

இல்லை என்று சொல்லும்போது ‘ஐ டிட்ன்ட் யூஸ் டு’, கேள்விக்கு ‘டிட் யூ யூஸ் டு’. எழுத்தில் யூஸ்டின் டி போய்விடும், ஏனென்றால் இறந்தகாலத்தை டிட் எடுத்துக்கொண்டது. வாயில் வித்தியாசம் தெரியாது. தடுமாறினால் ‘ஐ நெவர் யூஸ்டு டு’ என்று தப்பித்துக்கொள்ளலாம்.

அந்தச் சத்தம். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ‘பஸ்’ என்று சொல்லுங்கள், ‘ஸ்’ வரும்போது விரலில் அதிர்வு இருக்காது. வழக்கத்துக்கும் பழக்கத்துக்கும் வரும் யூஸ்டுவில் அந்த ‘ஸ்’தான், டி தனியாகக் கேட்காமல் ‘யூஸ்ட்டு’ என்று ஒரே வார்த்தையாக ஓடும். ‘பூக்கட்ட வாழைநார் பயன்படுது: பனானா ஃபைபர் இஸ் யூஸ்டு டு டை ஃப்ளவர்ஸ்’ என்கிற பயன்படுத்துதலில் ‘ஸ்’ அதிரும், விரலுக்குத் தெரியும். இங்கே இங் கிடையாது, முன்னால் பொருள் நிற்கும்.

‘முந்தியெல்லாம்’ என்று தொடங்கும் பத்து வாக்கியம் வீட்டில் பெரியவர்கள் பேசக் கேட்டுத் தமிழிலேயே எழுதுங்கள். ‘இருந்துச்சு’ ஒரு பக்கம், ‘வருவாய்ங்க’ ஒரு பக்கம் பிரித்துவிட்டு, அப்புறம் இங்கிலீஷில் எழுதி அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன்.